கேட்டால் சொல்கிறேன்: ஜோடியாகப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு

போன இதழில் வேலை பெர்மிட் கேள்விகளுக்குப் பதில் எழுதியபோது, ஆண்-ஆண், பெண்-பெண் ஜோடிகளும் திருநங்கைகளும் திருநம்பிகளும் தயங்காமல் எழுதலாம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். எழுதிவிட்டார்கள். திட்டியும் சிலர் எழுதியிருக்கிறார்கள், அதற்கும் கீழே இடம் உண்டு. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி: கோலாலம்பூர் அம்பாங் சாலையில், வெளிநாட்டு ஊழியர்களுக்கு விசா, வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் பார்த்துக் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை செய்து தலை நரைத்தவள். இப்போது பினாங்கில் ஓய்வு. நான் வக்கீல் இல்லை. வக்கீலிடம் போக வேண்டிய விஷயம் என்றால் அதைச் சொல்லிவிடுவேன்.

*

அக்கா, எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். பாயான் லெப்பாஸில் சிப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் மூன்று வருட வேலை கிடைத்திருக்கிறது. ஐந்து வருடமாக என்னோடு வாழ்பவர் ஓர் ஆண், கணினித் துறையில் இருக்கிறார். அவரை டிபெண்டன்ட் பாஸில் அழைத்து வர முடியுமா? பினாங்கில் நாங்கள் நிம்மதியாக இருக்க முடியுமா?
- பெயர் வேண்டாம், பெங்களூரு

முதல் கேள்விக்குப் பதில்: முடியாது, தம்பி. டிபெண்டன்ட் பாஸ் என்பது ஊழியரின் கணவன், மனைவி, பிள்ளைகள் கூடத் தங்கத் தரும் அனுமதி, துணைக்கு அதை எடுக்கத் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான மலேசியத் திருமணச் சட்டம் 1976-இல் வந்தது. ஒருவர் ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும் இல்லாத திருமணம் செல்லாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 2025 ஜனவரி 23 முதல் தாய்லாந்தில் இரண்டு ஆண்கள் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம். இங்கிருந்து ஹட்ஜாய் காரில் போய்வரும் தூரம்தான். ஆனால் அங்கே பதிந்த சான்றிதழை எங்கள் குடிநுழைவுத் துறையிடம் நீட்டினால் அது வெறும் தாள். உங்கள் ஊரிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த உறவு குற்றமில்லை என்று சொல்லிவிட்டது, 2023 அக்டோபரில் திருமணம் எங்கள் கையில் இல்லை என்றும் சொல்லிவிட்டது.

அதனால் அவர் தன் சொந்தக் காலில்தான் வர வேண்டும். பெங்களூர் வேலையைத் தொலைவிலிருந்தே செய்ய முதலாளி ஒப்புக்கொண்டால் 'டி ரந்தாவ்' என்ற நாடோடி ஊழியர் பாஸ் இருக்கிறது, 2022-இல் தொடங்கியது. கணினித் துறைக்காரர்களுக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்க வேண்டும். முதலில் ஒரு வருடம் வரை தருவார்கள், இன்னொரு வருடம் நீட்டிக்கலாம். அதற்குள் அவரும் இங்கேயே ஒரு வேலை தேடிக்கொள்வதுதான் உறுதியான வழி. இந்தியர்களுக்கு இப்போது 30 நாள் விசா இல்லாமல் வரும் சலுகை இருக்கிறதே, மாதா மாதம் வந்து போகலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மூன்றாம் தடவை கவுண்டரில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். 'சித்தப்பா மகன்' என்று படிவத்தில் எழுதச் சொல்லும் ஏஜென்டுகளும் உண்டு. குடிநுழைவுத் துறையிடம் பொய் எழுதிக் கொடுப்பது தனிக் குற்றம், அதுவே உங்கள் பெர்மிட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஹாலந்திலிருந்து ஒரு ஜோடி வந்தது. 2001-லேயே இவர்களுக்குத் திருமணச் சட்டம் போட்ட நாடு அது, உலகத்தில் முதல் நாடு. இங்கே இறங்கிய பிறகுதான் கணவர் கணவர் இல்லை என்று தெரிந்தது. ஒருவருக்குக் கம்பெனி பெர்மிட் இருந்தது. இன்னொருவரை மலாய் படிக்கும் மாணவராக ஒரு மொழி நிலையத்தில் சேர்த்தோம். மனிதர் நிஜமாகவே படித்தார். ஒரு வருடத்தில் சௌகிட் சந்தையில் மீன்காரரிடம் என்னைவிட நன்றாக மலாயில் பேரம் பேசினார். எல்லோருக்கும் இப்படி அமையாது. படிக்காமல் மாணவர் பாஸ் வாங்கினால் வருகைப் பதிவில் மாட்டிக்கொள்வீர்கள்.

கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: துணைக்கு விமானச் சீட்டு உண்டா, மருத்துவக் காப்புறுதியில் அவரைச் சேர்ப்பார்களா? பெரிய அமெரிக்கக் கம்பெனிகளின் தலைமை அலுவலக விதியில் 'துணை' என்று இருக்கும், இங்குள்ள காப்புறுதி பாலிசியில் 'மனைவி' என்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் விழுந்து எழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் மனிதவளத் துறையில் சிரித்துக்கொண்டே கையை விரிப்பார்கள்.

நிம்மதியைப் பற்றி. ஆணும் ஆணும் கொள்ளும் உடலுறவுக்குக் குற்றவியல் சட்டம் 377ஏ, 377பி பிரிவுகளில் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் இருக்கிறது. வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும். இதை நான் மறைத்துச் சொல்ல மாட்டேன். அதே சமயம், கதவைச் சாத்திக்கொண்டு வாழும் இரண்டு பெரியவர்களை வீடு தேடிப் போலீஸ் வருவது அரிது. இந்த நாட்டுக்குக் கோபம் வருவது வெளியே தெரியும்போதுதான். 2023 மே மாதம் ஒரு சுவிஸ் கம்பெனியின் வானவில் நிறக் கைக்கடிகாரங்கள் 172-ஐ உள்துறை அமைச்சு பறிமுதல் செய்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அது சட்டப்படி நடக்கவில்லை, திருப்பிக் கொடு என்றது. அதே 2023 ஜூலையில் ஒரு பிரிட்டிஷ் பாடகர் மேடையில் சக கலைஞரை முத்தமிட்டு அரசாங்கத்தையும் திட்டினார், மூன்று நாள் இசை விழாவே ரத்தானது. அவர் விமானம் ஏறிப் போய்விட்டார். அப்புறம் வந்த கெடுபிடியை இங்கேயே இருப்பவர்கள்தான் சுமந்தார்கள். இதை வெளிநாட்டவர் யாரிடமும் சொல்லாமல் விடமாட்டேன்.

பாயான் லெப்பாஸ் பக்கத்துக் கொண்டோக்களில் இரண்டு இந்திய இன்ஜினியர்கள் ஒரு வீட்டில் இருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அந்த வட்டாரமே அப்படித்தான் ஓடுகிறது. சீன அண்டை வீட்டார் காலையில் தலையசைப்பார்கள், அவ்வளவுதான். உங்களைத் துளைப்பது நம் ஆட்களாகத்தான் இருக்கும். லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பரிமாறுகிற அம்மா, "தம்பி, பொண்ணு பாக்கிறாங்களா?" என்று கேட்பார். கோபப்படாதீர்கள், ரசம் கூடுதலாக ஊற்றுவார்.

இன்னொன்று. உங்களுக்கு மலாய் நண்பர்கள் கிடைப்பார்கள். முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டமும் சேர்ந்து பாயும், நீங்கள் முஸ்லிம் இல்லை என்றால் உங்களுக்குப் பாயாது. உங்கள் வீட்டு விருந்தில் எடுத்த படத்தை முகநூலில் போட்டால் உங்களுக்கு நாலு லைக், அவருக்கு வழக்கு. படம் எடுக்காதீர்கள்.

*

அக்கா, வயது 52, பங்சாரில் இருக்கிறேன். என்னோடு பதினோரு வருடமாக இருப்பவர் பிலிப்பைன்ஸ்காரர், அனைத்துலகப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். போன வருடம் அவருக்கு மாரடைப்பு. தனியார் மருத்துவமனையில் "நீங்கள் யார்?" என்றார்கள். "வீட்டுக்காரர்" என்றேன், வாடகைக்கு விட்டவர் என்று எடுத்துக்கொண்டார்கள். செபுவில் இருக்கும் அவர் தங்கையைத் தொலைபேசியில் பிடித்துத்தான் என்னிடம் விவரம் சொன்னார்கள். இப்போது நலமாக இருக்கிறார். அடுத்த முறை இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்?
- ஆர்., கோலாலம்பூர்

பிழைத்து வந்தாரே, அது போதும். மற்றவை எல்லாம் எழுத்து வேலை, இருவரும் தெளிவாக இருக்கும் இந்த நேரத்தில் முடித்துவிட வேண்டியவை. உங்கள் இருவரையும் குடும்பம் என்று சொல்லும் ஒரு தாளை இந்த நாடு தராது. ஆனால் இரண்டு பெயரும் அடுத்தடுத்து வரக்கூடிய சின்னச் சின்னத் தாள்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து வைப்பதுதான் உங்கள் வேலை.

உயிலிலிருந்து தொடங்குங்கள். 1959-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி 18 வயதான முஸ்லிம் அல்லாத யாரும் தன் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். உயில் இல்லாமல் நீங்கள் போய்விட்டால் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் வந்து நிற்கும். மனைவி, பிள்ளை, பெற்றோர், அப்புறம் உடன்பிறப்பு என்று அது போய்க்கொண்டே இருக்கும், எந்தப் படியிலும் உங்கள் ஆள் கிடையாது. பதினோரு வருடம் சேர்ந்து வாங்கிய சோபாகூட உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போகலாம். சாட்சிகள் இரண்டு பேர், இருவரும் ஒரே நேரத்தில் உங்கள் கண் முன்னால் இருக்க வேண்டும். உங்கள் துணையைச் சாட்சியாகப் போட்டுவிடாதீர்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு எழுதிய பங்கு செல்லாமல் போகும். இதுவரை சொன்னது இங்குள்ள சொத்துக்கு. செபுவில் அவருக்கு நிலம், வீடு ஏதும் இருந்தால் அந்த ஊர் வக்கீலைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஊழியர் சேமநிதி. நாமினி படிவத்தை இன்றைக்கே பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர் யாரை வேண்டுமானாலும் நாமினியாகப் போடலாம், அவருக்கே பணம் போய்ச் சேரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா பெயரைப் போட்டுவிட்டு, அம்மா போய்ப் பல வருடம் ஆன பிறகும் மாற்றாமல் இருப்பவர்கள் நம்மில் பாதிப்பேர். உங்கள் துணைக்கும் கணக்கு இருக்கும். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியருக்கும் சேமநிதி கட்டாயம், அவர் 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. தொகை சின்னது. நாமினி கட்டத்தில் உங்கள் பெயர் வரும் என்பதற்காகவே நான் அதைப் பெரிதாக நினைக்கிறேன்.

ஆயுள் காப்புறுதியில் ஒரு குழி இருக்கிறது, முகவர்கள் சொல்ல மாட்டார்கள், பலருக்குத் தெரியவும் தெரியாது. மனைவி, பிள்ளை, பெற்றோரை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம். நண்பரைப் போட்டால் அவர் பணத்தை வாங்கி உயில்படி பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டும்தான், 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அவருக்கே சேர வேண்டும் என்றால் பாலிசியை அவர் பெயருக்கு உரிமை மாற்றி எழுதலாம், அல்லது அந்தப் பணம் யாருக்கு என்று உயிலில் தெளிவாகப் போடலாம். இதற்கு வக்கீல் வேண்டும்.

மருத்துவமனை விஷயம் இவ்வளவு சுத்தமாக முடியாது. நினைவோடு இருக்கும்வரை அவருடைய சம்மதம் அவருடையது. நினைவு தப்பினால்தான் டாக்டர்கள் சொந்தக்காரரைத் தேடுகிறார்கள். சிங்கப்பூரில் அதற்கென்று, நினைவு போன பிறகும் செல்லுபடியாகும் அதிகாரப் பத்திரத்துக்கு 2008-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே சாதாரண அதிகாரப் பத்திரம் நினைவு போகும்போது அதுவும் போய்விடும். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது, நல்ல உடம்போடு இருக்கும்போதே அவர் வழக்கமாகப் போகும் மருத்துவமனைக்கு இருவருமாகப் போங்கள். பதிவுப் படிவத்தில் அவசரத் தொடர்பு உங்கள் பெயர். "என் உடல்நிலை பற்றி எல்லாவற்றையும் இன்னாரிடம் சொல்லலாம், முடிவு கேட்க வேண்டியவரும் இவரே" என்று அவர் கைப்பட ஒரு கடிதம், அதன் பிரதி கோப்பில் இருக்கட்டும். தங்கையிடமும் ஒரு கடிதம் வாங்குங்கள், அண்ணன் விஷயத்தில் என் சார்பில் இவர் பேசலாம் என்று. சட்டத்தின் முன் இதற்கு எவ்வளவு கனம் என்று வக்கீல் வாதாடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு வார்டு வாசலில் நிற்கும் நர்ஸுக்கு ஏதோ ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். தங்கையின் கையெழுத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. கெட்டது நடந்தால் தூதரகம் தேடுவது அவளைத்தான், உங்களை இல்லை. அவள் உங்கள் பக்கம் இருக்கிறாள் என்றுதான் தெரிகிறது. கிறிஸ்துமஸுக்கு ஒரு நல்ல பெட்டி அனுப்பி வையுங்கள்.

*

நான் நர்ஸ். என் தோழியும் நர்ஸ், மூன்று வருடமாகச் சேர்ந்து இருக்கிறோம். எனக்கு ரியாத்திலும் டப்ளினிலும் வேலை வந்திருக்கிறது. ரியாத்தில் வரி இல்லை, வீடு இலவசம். எதை எடுக்கலாம்?
- எஸ்., பட்டர்வொர்த்

ரியாத்தில் இரண்டு பெண்கள் ஒரே அறையில் இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், நர்ஸ் விடுதியே அப்படித்தான். ஆனால் உன் தோழி அங்கே வர வேண்டுமானால் அவளுக்கும் தனியாக வேலை கிடைக்க வேண்டும். விஷயம் வெளியே போனால் அங்கே மரண தண்டனை வரை சட்டத்தில் இடமிருக்கிறது. பணம் சேர்க்கத்தான் போகிறேன், இரண்டு வருடம் தனியாகத் தள்ளிவிடுவேன் என்றால் அது உன் முடிவு. பலர் அப்படிப் போய் வீடு வாங்கியிருக்கிறார்கள்.

அயர்லாந்து வேறு கதை. 2015 மே மாதம் மக்களிடமே வாக்கெடுப்பு வைத்து, 62 விழுக்காட்டினர் ஆமாம் என்று சொல்லி இந்தத் திருமணத்தைச் சட்டமாக்கிய நாடு. அவ்வளவு கட்டுப்பெட்டியான கத்தோலிக்க ஊர், எனக்கே அன்று ஆச்சரியமாக இருந்தது. நர்ஸ் வேலை அவர்களுடைய முக்கியத் திறன் பெர்மிட் பட்டியலில் இருக்கிறது, துணையை அழைத்துக்கொள்ள வழி உண்டு. திருமணம் ஆகாத துணை என்றால் இரண்டு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் 12 மாதம், கனடாவில் ஒரு வருடம் என்று இடத்துக்கு இடம் மாறும், ஆனால் ஆதாரம் கேட்காத இடம் கிடையாது. இந்தக் கேள்வியில்தான் நம் ஊர் ஜோடிகள் விழுகிறார்கள். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வாடகை ஒப்பந்தம் ஒருத்தி பெயரில், மின்சார பில் வீட்டு முதலாளி பெயரில், படம் ஒன்றுகூட இல்லாமல் பல வருடம் வாழ்ந்திருப்பார்கள். ஒளித்து வாழ்ந்தது நன்றாக ஒளிந்துவிட்டதால் இப்போது காட்ட ஒன்றும் இருக்காது. நீ இன்றைக்கே போய் உங்கள் இருவர் பெயரிலும் ஒரு வங்கிக் கணக்குத் திற. இணைய பில்லில் அவள் பெயரைப் போடு. லங்காவி போன ஹோட்டல் ரசீதைத் தூக்கிப் போடாதே.

சிங்கப்பூரை நினைத்தாயா என்று தெரியவில்லை. பக்கத்தில் இருக்கிறது, 2023 ஜனவரி முதல் ஆண்களுக்கும் குற்றம் இல்லை. ஆனால் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான் என்ற விளக்கத்தை நீதிமன்றம் தொட முடியாதபடி அதே கையோடு அரசியலமைப்பையும் திருத்திவிட்டார்கள், துணைக்குப் பாஸ் கிடையாது. ஹாங்காங்கில் ஒரு பெண் இறுதி நீதிமன்றம் வரை வழக்காடி வென்றதால் 2018-இலிருந்து வெளிநாட்டில் பதிந்த திருமணத்துக்குத் துணை விசா தருகிறார்கள்.

நான் உன் வயதில் இருந்தால் டப்ளின். குளிருக்குச் சட்டை வாங்கிக்கொள்.

*

அம்மா நான் கிள்ளான். கணவர் இல்லை. மகள் மெல்பர்னில் கணக்காளர். அங்கே பிறந்து வளர்ந்த ஒரு வியட்நாமியப் பெண்ணோடு இருக்கிறாள். இருவரும் பதிவுத் திருமணம் செய்யப் போகிறார்கள், நான் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் எனக்கு இங்கே ஏதும் வழக்கு வருமா? தீபாவளிக்கு இருவரும் வீட்டுக்கு வந்தால் பிடித்துக்கொள்வார்களா? நாத்தனாரிடம் என்ன சொல்வது?
- ஒரு தாய்

அம்மா, கையெழுத்துப் போடுங்கள். ஆஸ்திரேலியாவில் 2017 டிசம்பர் 9 முதல் இது சட்டப்படியான திருமணம். அங்கே சட்டப்படி நடக்கும் காரியத்துக்கு அங்கே சாட்சி சொன்னதற்காக இங்கே உங்கள் மேல் வழக்குப் போட ஒன்றும் இல்லை. 18 வயதான இரண்டு சாட்சிகள் போதும், உறவினராகவும் இருக்கலாம். திருமணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே அவர்கள் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும், அதை மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் மண்டபத்தை முடிவு செய்துவிட்டு இதை மறப்பார்கள். உங்கள் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா அனுமதியைக் கைபேசிச் செயலியிலேயே எடுக்கலாம். ஆங்கிலத்தில்தான் நடத்துவார்கள், நீளம் இருக்காது. நம் ஊர்ப் பதிவுத் திருமணத்தைவிடச் சீக்கிரம் முடிந்து சாப்பிடப் போய்விடலாம்.

இங்கே வந்தால் அந்தத் திருமணம் இருந்தும் இல்லாததுபோல. வெளிநாட்டில் கல்யாணம் செய்த மலேசியர் ஆறு மாதத்துக்குள் இங்கே பதிய வேண்டும் என்று பொதுவாக விதி உண்டு, இதைப் பதிய மாட்டார்கள். தேசியப் பதிவுத் துறையைப் பொறுத்தவரை உங்கள் மகள் கல்யாணம் ஆகாதவள். அதனால் கிள்ளான் வீட்டில் அவளுக்கு ஒரு பங்கு உண்டென்றால், அவள் காலத்துக்குப் பிறகு அது யாருக்கு என்று உயில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மேலே பங்சார்க்காரருக்குச் சொன்னதுதான்.

தீபாவளிக்கு வரட்டும். மோதிரம் போட்டிருப்பது குற்றமில்லை. 377டி என்று ஒரு பிரிவு பெண்களையும் சேர்த்துப் பேசுகிறது, இரண்டு ஆண்டு வரை சிறை, அது செயலைப் பற்றியது, உறவைப் பற்றியது இல்லை. ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் விசா இல்லாமல் வரலாம். விமான நிலையத்தில் அவரவர் வரிசையில் அவரவர் வந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. முறுக்கு சுடத் தெரியாத மருமகள் உங்களுக்கு முதல் தடவையாக இருக்காது.

நாத்தனார்தான் பெரிய பிரச்சினை, நீங்கள் கடைசியில் எழுதியிருந்தாலும் எனக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. ஆனால் அவர்களுக்கு மட்டும் விமானம் ஏறுவதற்கு முன் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். முகநூலில் படம் பார்த்துத் தெரிந்துகொண்டால் கல்யாணத்தைக்கூட மன்னிப்பார்கள், தன்னிடம் சொல்லாததை மன்னிக்க மாட்டார்கள். போகும்போது மகளின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள், இது அவளுடைய செய்தி.

*

நான் திருநங்கை, சென்னை. பினாங்குத் தைப்பூசத்துக்கு வர ஆசை. பாஸ்போர்ட்டில் பெண் என்றே இருக்கிறது. தொல்லை இருக்குமா?
- வாசகி

வாங்கம்மா. பாஸ்போர்ட்டும் ஆளும் ஒத்துப்போவதால் கவுண்டரில் பாதிச் சுமை குறைந்தது. இங்கே வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்பிவிடுங்கள், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பாலினமும் அப்படியே இருக்கட்டும். ஹார்மோன் மாத்திரை எடுத்தால் டாக்டர் சீட்டோடு பையில் வையுங்கள். ஆண் பெண்வேடம் போடுவது என்ற ஷரியா குற்றம் முஸ்லிம்களுக்கு மட்டும். மற்றவர்களைப் பொது இடத்தில் ஆபாச நடத்தை என்று 1955-ஆம் ஆண்டுச் சிறுகுற்றச் சட்டத்தில் அழைத்துப் போன கதைகள் உண்டு. ராத்திரியில் தனியாகத் தெருவோரம் நிற்க வேண்டாம், கிராப் வண்டியைக் கடைக்குள்ளிருந்தே அழையுங்கள்.

வெள்ளி ரதம் தைப்பூசத்துக்கு முதல் நாள் லிட்டில் இந்தியாவிலிருந்து புறப்படும், தெருவெல்லாம் தேங்காய் உடைத்துத் தண்ணீர் ஓடும். செருப்பு வழுக்கும், பார்த்து. தண்ணீர்மலை முருகனுக்கு 500-க்கும் மேல் படி, விடிவதற்கு முன் ஏறிவிடுங்கள். அங்கே பால்குடம் எடுக்கிற உள்ளூர்த் திருநங்கைகளையும் பார்ப்பீர்கள். ஒரு விஷயம் தெரிந்துகொண்டு அவர்களோடு பேசுங்கள்: தமிழ்நாட்டில் 2008-லேயே நலவாரியம் வந்தது, 2014-இல் உச்ச நீதிமன்றம் அவரவர் பாலினம் அவரவர் சொல்வது என்றது. இங்கே அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றக் கேட்டு நீதிமன்றம் போனவர்களில் 2005-இல் ஒருவர் வென்றார். இன்னொருவர் 2016-இல் வென்றதை அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் பறித்துவிட்டது. விருந்தாளியான உங்கள் கையில் இருக்கும் தாள் இங்கே பிறந்தவளுக்குக் கிடையாது. வங்கியிலும் கிளினிக்கிலும் அவள் தினம் தினம் ஆண் பெயருக்கு எழுந்து நிற்கிறாள்.

*

இந்தக் கண்றாவியெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி. தமிழ்ப் பத்திரிகையில் எதற்கு?
- எம்.எஸ்., ஈப்போ

இறக்குமதி ஆனது சட்டம், ஐயா. ஆங்கிலேயர் 1860-இல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தை 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்குப் படியெடுத்தார்கள், பினாங்கும் அதில் ஒன்று. கரும்புத் தோட்டத்துக்கு நம் பாட்டன்மார் வந்த அதே காலம், அதே கடல். எழுதினவர்கள் தங்கள் ஊரில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 1967-இல் அதை எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். கேள்வி வந்தால் பதில் எழுதுவது என் வேலை. அடுத்த இதழில் ஓய்வூதியம், அதற்கு எழுதுங்கள்.

*

புலாவ் திக்குஸில் உள்ள என் கொண்டோவை ஒரு ஜெர்மன்காரரும் ஒரு தைவான்காரரும் வாடகைக்குக் கேட்கிறார்கள். தாங்கள் கணவர்கள் என்று அவர்களே சொன்னார்கள். நல்ல மாதிரியாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டில் புகார் கொடுத்தால் எனக்குச் சிக்கலா?
- வீட்டுக்காரர், பினாங்கு

உள்ளதைச் சொல்லி வீடு கேட்டவர்களை நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள். நண்பர்கள் என்று சொல்லியிருந்தால் இந்நேரம் சாவி கொடுத்திருப்பீர்கள். வாடகைக்கு வருகிற இரண்டு பெரியவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று வீட்டு முதலாளி விசாரித்து வைக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. பாஸ்போர்ட், செல்லுபடியாகும் பாஸ், வேலைக் கடிதம், இவற்றைப் பாருங்கள். பக்கத்து வீட்டு அம்மா கேட்டால் குடியிருக்கிறவர்கள் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்டால் வாடகையில் பங்கு தருகிறீர்களா என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒருவர் பெயரை மட்டும் போட்டால் சுருக்கமாக முடியும் என்று ஏஜென்ட் சொல்வார். கேட்காதீர்கள், இருவர் பெயரையும் போடுங்கள். ஒருவருக்கு வேலை மாறினாலும் உடம்புக்கு முடியாமல் போனாலும் வாடகைக்கு இன்னொருவர் பொறுப்பு, உங்களுக்கு அது லாபம். அவர்களுக்கும் நாளைக்கு எந்த ஊர் விசாவுக்காவது அந்தத் தாள் தேவைப்படும். இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், வழக்கம் போல. முத்திரை வரியைக் கட்டிவிட்டு ஒரு பிரதியை அவர்களிடம் கொடுங்கள்.